இரவுப் பணியாளரிடமிருந்து தொடங்குங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி பக்கம் முதியோர் இல்லம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இடத்தைப் பற்றித்தான். எத்தனை சென்ட் வேண்டும், எத்தனை அறை கட்டலாம், போர் போட்டால் தண்ணீர் நல்ல தண்ணியா உப்புத் தண்ணியா என்று கேட்கிறார்கள். நிலம் இந்த வானம் பார்த்த சீமையில் கிடைத்துவிடும். கட்டடத்துக்கு நன்கொடை தரவும் ஆள் உண்டு. வாசலில் கல்வெட்டு வைத்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்து, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் பெண்ணின் சம்பளத்துக்கு மட்டும் யாரும் நன்கொடை தருவதில்லை. ஓர் இல்லத்தின் தரம் அந்தப் பெண்ணின் கையில்தான் இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் கட்டடத்துக்குக் குறைவாகவும் அவருக்கு அதிகமாகவும் இடம் தருகிறேன்.

சட்டம் கேட்பது

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009-ல் வந்தன. ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்கிறது சட்டத்தின் 19-ஆம் பிரிவு. அந்த அரசு இல்லங்களுக்காக மத்திய அரசு எழுதிய மாதிரி விதிகள் ஒருவருக்குப் படுக்கையிடம் 7.5 சதுர மீட்டர் என்றும், சாப்பாட்டறை, சமையல்கட்டு, மருத்துவ அறை எல்லாம் சேர்த்து 12 சதுர மீட்டர் என்றும் கணக்கிடுகின்றன. நம் கணக்கில் சுமார் 80 சதுர அடி, 130 சதுர அடி. தனியார் இல்லமும் இதையே கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். முதியோர் என்றால் மாவட்ட சமூகநல அலுவலகம். மாற்றுத்திறனாளிகள் இருந்தால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவு. மனநோய் உள்ளவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருவதானால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு. குழந்தைகள் என்றால் இளைஞர் நீதிச் சட்டம். ‘எல்லாரையும் சேர்த்து ஒரே ஆசிரமமா நடத்துறோம்’ என்று கிளம்புவதுதான் ஆபத்து. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிய அன்பு ஜோதி ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய பதிவு இல்லாமல், முதியவர், மனநலம் குன்றியவர், ஆதரவற்றவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அங்கே சேர்த்த ஒரு முதியவர் எங்கே போனார் என்று உறவினர் தேடப் போய்த்தான் விஷயமே வெளியே வந்தது. யார் வந்தார், யார் போனார் என்ற வருகைப் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கட்டடம் பற்றி இந்த மண்ணுக்கே உரிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அடித்தளம் ஆழமாகப் போடாவிட்டால் இரண்டு கோடைக்குள் தரை விரிசல் விட்டு, ஒரு டைல்ஸ் அடுத்ததைவிட அரை அங்குலம் தூக்கி நிற்கும். நமக்கு அது கண்ணில் படாது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கும் எண்பது வயதுக்காரருக்கு அந்த அரை அங்குலம் இடுப்பெலும்பு முறிவு. குழித்தறியில் நாற்பது வருஷம் கால் தொங்கவிட்டு நெய்த முழங்கால்கள் இந்த ஊரில் ஏராளம். கழிப்பறையில் உட்காரவும் எழவும் சுவரில் பிடிகம்பி இல்லாமல் முடியாது. மாதம் ஒருமுறை செருப்பில்லாமல், கண்ணை மூடி, காலைத் தேய்த்து நடந்து தரையைச் சோதியுங்கள்.

ஏர்வாடி

நம் விருதுநகருக்குப் பக்கத்து மாவட்டம் ராமநாதபுரம். அங்கே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் மனநலக் காப்பகங்களுக்கான பதிவு விதிகள் அதன்பிறகே இறுகின. இன்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது.

அந்தச் சங்கிலிக்குக் கொடூரம் மட்டும் காரணமில்லை. ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் பூட்டும் கயிறும்தான் ஆளாகின்றன. முதியோர் இல்லங்களில் சங்கிலி இருக்காது. பழைய சேலையைக் கிழித்துக் கையைக் கட்டிலோடு கட்டியிருப்பார்கள். ‘ட்யூபைப் பிடுங்குறார்’, ‘எழுந்து விழுந்துருவார்’ என்று காரணம் சொல்வார்கள். வெளிக்கதவைப் பூட்டி, சாவியை வார்டன் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார். இரண்டும் ஆள் பற்றாக்குறையின் அடையாளங்கள். என் கணக்கு இது: தானாக எழ முடியாதவர்கள் எட்டுப் பேருக்குப் பகலில் ஒருவர் வேண்டும். இரவில், எத்தனை சின்ன இல்லமானாலும், இரண்டு பேருக்குக் குறையக் கூடாது. தனி ஆளாக இருப்பவர் ஒருவரைத் தூக்கவும் முடியாது, இன்னொருவருக்கு 108-க்குப் போன் பண்ணவும் முடியாது. கதவின் சாவி இரவுப் பணியாளர் இடுப்பில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் முடியாது என்றால், படுத்த படுக்கையானவர்களைச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டுச் சமாளிப்பதை என்னால் சேவை என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

முதல் பாடம்: வாயில் ஊற்றாதே

வேலைக்கு வரப்போகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பட்டி பெண்கள். எட்டாவது, பத்தாவது படித்தவர்கள். மில் வேனில் போய் உடம்பு முடியாமல் நின்றவர்கள், புருஷன் இல்லாதவர்கள், நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். வீட்டில் மாமியாரை, அப்பத்தாவைப் பார்த்த அனுபவம் பலருக்கு உண்டு. அது பெரிய முதல். ஆனால் அந்த அனுபவத்தோடு சில வழக்கங்களும் சேர்ந்தே வரும். பயிற்சியை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைக்கூத்தல் என்ற சொல்லை இந்த மாவட்டத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. முடியாமல் கிடக்கும் முதியவரின் உயிரை வீட்டாரே முடித்துவைக்கும் வழக்கம். எண்ணெய்க் குளியல், இளநீர், பால் என்று அன்பின் பெயரால் நடப்பது. 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில், தனக்கு நடக்கவிருப்பதைக் காதில் வாங்கிய ஒரு முதியவர் வீட்டைவிட்டு ஓடித் தப்பியபோதுதான் வெளியுலகம் இதைப் பேசத் தொடங்கியது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய ‘பாரம்’ இதைப் பற்றியதுதான். 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பயிற்சியின் முதல் வாரத்தில் பணியாளர்களோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் நீங்கள் பேசாதீர்கள், அவர்கள் பேசட்டும். எங்க ஊர்ல இப்படித்தான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். வறுமையும், மருத்துவம் எட்டாத தூரமும், தனியாகப் பார்த்துக் களைத்துப்போனதும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம் அது. ஆனால் இல்லத்தின் வாசலுக்குள் அதற்கு இடமில்லை என்பதை அன்றைக்கே, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அது கொலை, சட்டமும் அப்படித்தான் பார்க்கும்.

வெளிப்படையாகச் செய்வதைவிட அறியாமல் நேர்வதுதான் எனக்குப் பெரிய கவலை. அரைமயக்கத்தில் இருப்பவரைப் பார்த்ததும், ஒரு வாய் பால் ஊற்றிப் பார்ப்போம் என்று கை தானாகப் போகும். போகிற உயிர் தாகத்தோடு போகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விழுங்க முடியாதவர் வாயில் மல்லாக்க வைத்து ஊற்றும் பால் வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். மூச்சுத் திணறல், அல்லது இரண்டு நாளில் நிமோனியா. ஆகவே விதி ஒன்றே: கூப்பிட்டால் கண் விழித்துப் பதில் சொல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் நனைக்கலாம். தாகத்துக்கு அதுவே ஆறுதல்.

இதை வாயால் சொன்னால் மனதில் நிற்காது. பயிற்சிக்கு வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, சும்மா எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அவர் தொண்டைக்கே தெரியும். அதன்பின் ஒருவர் இன்னொருவருக்குக் கஞ்சி ஊட்டட்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் உண்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதனால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊட்ட வேண்டும். அரைக் கரண்டி, விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த அரைக் கரண்டி. சாப்பிட்டபின் அரை மணி நேரம் சாய்க்கக் கூடாது. தண்ணீருக்கு இருமுகிறவர் கெட்டியான கூழுக்கு இருமாமல் இருக்கலாம். அதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லத் தெரிந்தவர்தான் பயிற்சி பெற்றவர்.

‘வயசாயிருச்சுல்ல, அப்படித்தான்’

இல்லத்துக்குள் தடைசெய்ய வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு என்றால் இதுதான். நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று உளறுகிறார், அல்லது எழுப்பினால் தூங்கித் தூங்கி விழுகிறார். அது வயசு அல்ல. முதுமை மறதி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். ஒரே நாளில் வராது. திடீர் குழப்பத்துக்குப் பின்னால் சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் தண்ணீர் வற்றியதோ, உப்புச் சத்துக் குறைந்ததோ, சர்க்கரை இறங்கியதோ, புது மாத்திரையோ இருக்கும். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். உளறல்தான் முதல் அறிகுறி. இரவுப் பணியாளர் இதைக் கண்டு, காலை வரை காத்திருக்காமல் போன் செய்தால் உயிர் பிழைக்கும்.

இந்தச் சீமையில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றுவதுதான் முதல் சந்தேகம். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். அதைவிடப் பெரிய காரணத்தை முதியவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்: தண்ணீர் குடித்தால் ராத்திரி ஒன்றுக்குப் போக எழ வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் சிடுசிடுப்பார்கள். அதனால் சாயங்காலத்துக்குமேல் குடிக்கவே மாட்டார்கள். பணியாளர் முகம் சுளிப்பதற்கும் மே மாதத்து மயக்கத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ‘தண்ணி வேணுமா’ என்று கேட்டால் ‘வேணாம்த்தா’ என்றுதான் பதில் வரும். தம்ளரைக் கையில் கொடுத்து, குடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். மோர், நீராகாரம், கம்பங்கூழ் எல்லாம் கணக்கில் சேரும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தந்ததைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்கு. ஈரத்துணி போட்டு, தண்ணீர் தெளித்து, மின்விசிறிக்கு அடியில் வைத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாரையும் படுக்கவைக்காதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். குப்பென்று வியர்க்கும், கை நடுங்கும், கோபம் வரும். சர்க்கரைமானியில் 70-க்குக் கீழே காட்டினால், விழித்திருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் என்றால் மேலே சொன்ன விதிதான்: வாயில் எதுவும் இல்லை, உடனே ஆம்புலன்ஸ்.

படுக்கைப் புண்ணும் பதிவேடும்

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பல பாடப்புத்தகங்கள் சொல்லாதது ஒன்று உண்டு. தோல் சிவக்கிறதா பார் என்பார்கள்; நம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இடுப்படி எலும்பு, குதிகால், தொடைமேல் எலும்பு, தோள்பட்டை ஆகிய இடங்கள் பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது சொதசொதவென்று இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே அழுத்தித் தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கம் பாரம் போகாமல் பார்க்க வேண்டும். வட்ட ட்யூப் வைத்து உட்காரவைப்பதை விட்டுவிடுங்கள், சுற்றியுள்ள தோலின் ரத்த ஓட்டத்தை அது கெடுக்கும். புண் திறந்துவிட்டால் மஞ்சள் வேண்டாம், பவுடர் வேண்டாம்.

திருப்பும்போது பேச வேண்டும். மூட்டையைப் புரட்டுவதுபோல் புரட்டினால் அவர் பயத்தில் கையை இறுக்குவார். “ஐயா, இடது பக்கமா திரும்பப் போறோம், என் தோளப் பிடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுத் திருப்பினால் அவரே பாதி வேலையைச் செய்துவிடுவார். கீழே விரித்த துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் பணியாளர் முதுகும் தப்பும்.

ஓர் இல்லத்துக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போனபோது, மறுநாள் காலை ஆறு மணி வரை புரட்டியதாகப் பதிவேட்டில் டிக் போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. இருபது பேருக்கு ஒரு நோட்டு, ஐம்பது கட்டம், பக்கத்தில் யாரும் இல்லாத ராத்திரி. அதிகாரி வந்து கேட்டால் காட்டத்தான் அந்த நோட்டு என்று அவர் புரிந்துவைத்திருந்தார். நோட்டை அலுவலக அறையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு கட்டிலிலும் கடிகாரப் படம் போட்ட ஓர் அட்டையாக மாற்றுங்கள். பத்து மணிக்கு இடது, பன்னிரண்டுக்கு மல்லாக்க, இரண்டுக்கு வலது என்று படத்திலேயே இருக்கட்டும். அட்டை வலது என்று சொல்லும் நேரத்தில் அவர் இடது பக்கம் படுத்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். நீங்களும் மாதத்தில் ஓர் இரவு, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது ஃபிளாஸ்க்கில் டீயும் கொண்டு போங்கள்; நீங்கள் வந்தது வேவு பார்க்க என்று அவர்கள் நினைக்கக் கூடாது.

கை கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, கை பிசுபிசுக்கும், அதனால் பணியாளர்கள் கழுவுவதையே குறைத்துவிடுவார்கள். குடிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருக்கும் நல்ல தண்ணியில் ஒரு குழாயைக் கை கழுவ விடுங்கள்.

சாதி

இதை எழுதாமல் விட்டால் இந்த வட்டாரத்துக்கான வழிகாட்டி ஆகாது. இல்லத்துக்கு வருகிறவர்கள் எழுபது வருஷப் பழக்கத்தோடு வருகிறார்கள். இன்னார் கையால் சாப்பிட மாட்டேன் என்பார் ஒருவர். அதற்குப் பயந்து பல இல்லங்கள் ஓசையில்லாமல் ஓர் ஏற்பாடு செய்துகொள்கின்றன: மலம் அள்ளவும் கழிப்பறை கழுவவும் பட்டியல் சாதிப் பெண்கள், அடுப்படிக்கு மற்றவர்கள். இது சட்டவிரோதம், அநியாயம். பணிகளைச் சுழற்சி முறையில் எல்லாருக்கும் போடுங்கள். சேர்க்கைப் படிவத்திலேயே, இங்கே எல்லாரும் எல்லாருக்கும் ஊட்டுவோம், குளிப்பாட்டுவோம் என்று எழுதி, முதியவரிடமும் சேர்க்க வந்த பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவரைச் சேர்க்காதீர்கள். முதியவர்களைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தையும் முதல் நாளே நிறுத்துங்கள். ஐயா, அம்மா போதும். நாள் போகப் போக அப்பத்தா, அம்மாச்சி, தாத்தா என்று உறவு தானாக வரும்.

ஆளை நிறுத்திவைப்பது

பயிற்சி கொடுத்தவர் ஆறு மாதத்தில் மில்லுக்குப் போய்விட்டால் எல்லாம் வீண். சுகாதாரத் துறைத் திறன் குழுமத்தின் பொதுப் பணி உதவியாளர் பயிற்சியும், தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் முதியோர் பராமரிப்புப் பயிற்சியும் சான்றிதழோடு கிடைக்கின்றன. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்திலும் விசாரியுங்கள். சான்றிதழ் வாங்கியவர் போய்விடுவாரே என்று அனுப்பாமல் இருக்காதீர்கள். கையில் சான்றிதழ் வந்த மாதமே சம்பளத்தைக் கூட்டுங்கள். மில் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டுச் சேவை மனப்பான்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாரம் ஒருநாள் விடுமுறை, கடைசி பஸ் போனபின் வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு ஆட்டோ, இரவில் மாறி மாறிப் படுக்க உள்தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை. இவற்றையெல்லாம் பணியாளர் சலுகை என்று எண்ணாமல் குறைந்தபட்சத் தரப் பட்டியலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளி உதவியையும் கேட்டு வாங்குங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும், இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புச் சிகிச்சையும் இருப்பிடத்துக்கே வருகின்றன; ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் இல்லத்தின் பெயரைப் பதிவு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ முதியவர் கண்ணில் படும் இடத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். உங்கள்மேல் புகார் சொல்லவும் அவருக்கு அது பயன்பட வேண்டும். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளைகள் கைவிட்டிருந்தால், அருப்புக்கோட்டை கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். முதியவர் அதிகாரம் கொடுத்தால் அவர் சார்பில் இல்லமே கொடுக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இறப்பு நேர்ந்தால்

எத்தனை நன்றாகப் பார்த்தாலும் இல்லத்தில் சாவு வரும். தலைக்கூத்தல் நடந்த மண்ணில் நடத்தும் இல்லம் ஒவ்வொரு சாவுக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. கடைசி இரண்டு நாள் என்ன சாப்பிட்டார், என்ன மருந்து, யார் பக்கத்தில் இருந்தார், எப்போது மருத்துவருக்குச் சொன்னோம் என்பதைப் பணியாளர் தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். எழுத வராதவர் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். மருத்துவர் நேரில் பார்த்துக் காரணச் சான்று தராமல் உடலை எடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், உறவினர் வேண்டாம் என்றாலும். நிறுவனத்தில் நேரும் இறப்பைத் தெரிவிப்பது அதன் பொறுப்பாளரின் கடமை. 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த வாரத்துக்குள் எல்லாப் பணியாளரையும் கூட்டி, எதை முன்னாடியே கவனித்திருக்கலாம் என்று பேசுங்கள். அன்று இரவுப் பணியில் இருந்தவர் முதலில் பேசட்டும்.